முதியோர் ஆய்வு: கேள்வி பாட்டிக்கு, பதில் யாருடையது?

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால் மிட் வேலி, செபுத்தே, சாலாக் செலாத்தான், பண்டார் தாசேக் செலாத்தான், அதற்கடுத்து செர்டாங். தினமும் இந்தத் தடத்தில் போய் வருபவர்களில் எத்தனை பேருக்கு, செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில் முதுமையை மட்டுமே ஆராய ஒரு கழகம் இருப்பது தெரியும்? 2002-இல் முதுமையியல் கழகமாகத் தொடங்கியது. இப்போது அதன் பெயர் மைஏஜிங்.

நகரின் இன்னொரு பக்கம், மலாயா பல்கலைக்கழகத்தின் சமூக நல ஆய்வு மையம் 40 வயதைத் தாண்டியவர்களிடம் வீடு வீடாகப் போய் வருமானம், உடம்பு, குடும்பம், வேலை எல்லாவற்றையும் கேட்டுப் பதிவு செய்கிறது. சுகாதார அமைச்சு தனியாக ஓர் ஆய்வு நடத்துகிறது. புள்ளிவிவரத் துறை தன் பங்குக்கு எண்ணிக்கொண்டே இருக்கிறது.

"எனக்கு 22 வயசுதான் ஆகுது, இதெல்லாம் எனக்கு எதுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கு. ஆய்வுக்கு ஆள் வந்தால் கதவைத் திறப்பது பெரும்பாலும் நீங்கள்தான். மலாயிலோ ஆங்கிலத்திலோ வரும் கேள்வியைத் தமிழில் பாட்டியிடம் கேட்டு, பாட்டி சொன்னதைத் திருப்பிச் சொல்வதும் நீங்கள்தான். அந்த இரண்டு நிமிட மொழிபெயர்ப்பில் என்ன சேருகிறது, என்ன தொலைகிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எண்களை வேகமாகப் பார்த்துவிடலாம்

உலக வங்கி 2020 நவம்பரில் மலேசியாவின் முதுமை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி, 65 வயதைத் தாண்டியவர்கள் 2020-இல் நம் மக்கள்தொகையில் 7 விழுக்காடு. 2044-இல் அது 14 விழுக்காடாகும். அதாவது 24 ஆண்டுகளில் இரண்டு மடங்கு. பிரான்ஸ் நாட்டுக்கு இதே தூரத்தைக் கடக்க 115 ஆண்டுகள் ஆனது. அவர்கள் மெதுவாகச் செல்வம் சேர்த்து, மெதுவாக வயதானார்கள். நமக்கு அந்த அவகாசம் இல்லை. இன்று உங்களுக்கு 22 என்றால், 2044-இல் ஏறக்குறைய 40. ஆய்வாளர்கள் உங்களையே தேடி வரும் வயசு.

இன்னொரு பக்கம் பிறப்பு குறைந்துவிட்டது. 1970-இல் ஒரு மலேசியப் பெண்ணுக்குச் சராசரியாக 4.9 பிள்ளைகள். 2022-இல் 1.6. இந்தியப் பெண்களை மட்டும் எடுத்தால் அதே 2022-இல் 1.1. நம் வீடுகளில் "அண்ணன் பார்த்துக்குவான், அக்கா பார்த்துக்குவா" என்று தள்ளிவிட ஆள் இருந்தது ஐந்தாறு பிள்ளைகள் இருந்த காலத்தில். இனி அம்மா அப்பா இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பிள்ளை. அது நீங்களாகவும் இருக்கலாம்.

முதுமைதான் காரணமா?

முதுமை ஆய்வில் உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு 75 வயதுப் பாட்டியால் வங்கி ஆப்பைப் பயன்படுத்த முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். வயசாயிடுச்சு, அதான் முடியல என்று நாம் சொல்லிவிடுவோம். ஆய்வாளர் அப்படிச் சொல்லிவிட மாட்டார். அவர் மூன்று வெவ்வேறு காரணங்களைப் பிரித்துப் பார்ப்பார்.

முதலாவது வயது. கண் மங்குவது, காது கேட்காமல் போவது, விரல் நடுங்குவது. எந்த நாட்டில், எந்த ஆண்டில் பிறந்தாலும் இவை வரும்.

இரண்டாவது தலைமுறை. அந்தப் பாட்டி பிறந்தது ஏதோ ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் என்றால், விடியுமுன் பால்மரம் வெட்டப் போன அம்மாவுக்குத் துணையாகத் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள, மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டிருப்பார். அல்லது பள்ளிக்கே போயிருக்க மாட்டார். ஆப்பில் வரும் மலாய்ச் சொல்லை அவர் 35 வயதில் பார்த்திருந்தாலும் படித்திருக்க முடியாது. இது முதுமை தந்த குறை இல்லை. அவரைச் சுற்றியிருந்த சமூகம் அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்னால் தந்தது. இதைப் பிரிக்காமல் விட்டால், "இந்திய முதியோருக்குத் தொழில்நுட்பம் வராது" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். 2044-இல் 65 வயதாகப் போகிற உங்கள் மாமாவுக்கு அந்த முடிவு ஒரு துளியும் பொருந்தாது.

மூன்றாவது காலம். ஒரே நேரத்தில் எல்லா வயதினரையும் தாக்கும் நிகழ்வு. கோவிட் காலத்தில் இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதியிலிருந்து நான்கு சிறப்புத் திட்டங்களின் வழி ஏறக்குறைய 145 பில்லியன் ரிங்கிட் எடுக்கப்பட்டது. 30 வயதுக்காரரும் எடுத்தார், 54 வயதுக்காரரும் எடுத்தார். ஆனால் 30 வயதுக்காரருக்கு அந்தப் பள்ளத்தை நிரப்ப இன்னும் 30 ஆண்டுகள் இருக்கின்றன. 54 வயதுக்காரருக்கு இல்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. 1998 காமன்வெல்த் போட்டி நடந்த புக்கிட் ஜாலில் அரங்கம் சாலாக் செலாத்தானிலிருந்து கொஞ்ச தூரம்தான். அந்த வட்டாரம் ஒரு காலத்தில் தோட்டம். தோட்டம் போனது, லயம் போனது, கோயிலும் பல இடங்களில் இடம் மாறியது, மக்கள் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். லயத்தில் வாசலில் உட்கார்ந்தால் பத்துப் பேர் பேச வருவார்கள். பதினாறாவது மாடியில், லிஃப்ட் வேலை செய்யாத நாளில் யார் வருவார்? அங்கே தனியாக இருக்கும் ஒரு தாத்தாவின் தனிமையை வயசின் கணக்கில் மட்டும் எழுதினால் பாதிக் கதை காணாமல் போகும்.

இதனால்தான் ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுப் போகும் ஆய்வு போதாது. மலாயா பல்கலைக்கழகத்தின் மார்ஸ் ஆய்வு, அதாவது மலேசிய முதுமை மற்றும் பணி ஓய்வு ஆய்வு, முதல் சுற்றை 2018-க்கும் 2019-க்கும் இடையில் நடத்தியது. 40 வயதும் அதற்கு மேலும் உள்ள 5,613 பேரிடம் பேசினார்கள். பிறகு சில ஆண்டுகள் கழித்து அதே ஆட்களைத் தேடிப் போனார்கள். போன முறை வேலையில் இருந்தவர் இப்போது என்ன செய்கிறார், போன முறை நடந்தவர் இப்போது நடக்கிறாரா என்று பார்க்கும் முறை இது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1992-இல் தொடங்கிய ஆய்வுதான் இந்த வகைக்கு முன்னோடி. இந்தியாவிலும் லாசி என்ற பெயரில் நடக்கிறது. 2017-18-இல் முதல் சுற்று, 45 வயதைத் தாண்டிய 72,000-க்கும் அதிகமானோர்.

தீக்குச்சியும் மறதியும்

மறதி நோயை, டிமென்ஷியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான வீடுகளில் போய் மூளையை ஸ்கேன் செய்ய முடியாது. கேள்விகளால்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1975-இல் வந்து உலகம் முழுக்கப் பரவிய ஒரு சோதனையில், 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போகச் சொல்வார்கள். ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். ஒன்றோடு ஒன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்வார்கள்.

வாழ்நாளில் பென்சிலே பிடிக்காத ஒருவரிடம் இதைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஐம்பது ஆண்டுகள் நூறு வீட்டு விசேஷத்து மொய்க் கணக்கையும் மனசிலேயே வைத்திருந்த பாட்டி, காகிதத்தில் தோற்றுப்போவார். சோதனை அவருடைய பள்ளிப் படிப்பை அளந்துவிட்டு, மறதியை அளந்ததாக நினைத்துக்கொள்ளும்.

சுகாதார அமைச்சு 2018-இல் முதியோருக்கென்றே தனியாகத் தேசிய சுகாதார ஆய்வை நடத்தியபோது, வேறு ஒரு சோதனையைக் கையில் எடுத்தது. ஐடியா என்று அதற்குப் பெயர். தான்சானியாவின் ஹாய் மாவட்டத்துக் கிராமங்களில், எழுதப் படிக்கத் தெரியாத முதியோரை மனதில் வைத்து உருவாக்கப்பட்டது. அதில் பேனாவே வேண்டாம். பத்துச் சொற்களைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். தெரிந்த விலங்குகளின் பெயர்களைச் சொல்ல வேண்டும். தீக்குச்சிகளை ஒரு வடிவத்தில் அடுக்கிக் காட்டினால், அதேபோல் அடுக்க வேண்டும்.

அந்த ஆய்வு சொன்னது: 60 வயதைத் தாண்டிய மலேசியர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கலாம்.

இப்போது நீங்கள் மொழிபெயர்ப்பாளராக நடுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பாட்டி ஆறு சொல் சொல்லி, ஏழாவதுக்குத் தடுமாறுகிறார். "பழம் பாட்டி, பழம்!" என்று வாயசைக்காமல் உங்களால் இருக்க முடியுமா? பாசம்தான், தப்புச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு சொல் அவரைச் சிகிச்சைக்கு அனுப்பும் பட்டியலிலிருந்து வெளியே தள்ளிவிடலாம்.

24 பேர்

நம் சமூகத்துக்கு இது ஏன் கூடுதலாக முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். அந்த 2018 ஆய்வில் கலந்துகொண்ட 60 வயதைத் தாண்டியவர்கள் ஏறக்குறைய 4,000 பேர். நாட்டில் இந்தியர்கள் 7 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. அதே விகிதத்தில் எடுத்தால், 4,000-இல் இந்தியர்கள் 280 பேர் வருவார்கள். அதில் 8.5 விழுக்காடு என்றால் 24 பேர். (உண்மையான ஆய்வில் எடைகள் உண்டு, கணக்கு இவ்வளவு நேராக இருக்காது. அளவு புரிவதற்காகச் சொல்கிறேன்.)

24 பேரை வைத்துக்கொண்டு, பெண்களா ஆண்களா, நகரமா தோட்டமா, தனியாக இருப்பவர்களா பிள்ளைகளோடு இருப்பவர்களா என்று பிரிக்க முயன்றால் ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று, நான்கு பேர்தான் மிஞ்சுவார்கள். எந்த நேர்மையான ஆய்வாளரும் அதை வைத்து எதுவும் சொல்ல மாட்டார். அதனால் அறிக்கையில் நம் வரி சுருங்கிப் போகும். இரண்டு வீடு கதவைத் திறக்காவிட்டால்கூட நம் எண் ஆடிவிடும். பெரிய சமூகத்துக்கு அது கடலில் கரைத்த பெருங்காயம், நமக்கு அப்படி இல்லை.

தெளிவாகத் தெரிந்த இடங்களில் படம் நன்றாக இல்லை என்பதும் சேர்ந்துகொள்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. நீரிழிவு கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் மட்டுமல்ல, நினைவாற்றலையும் பாதிக்கும். ஆகவே இந்த 24 பேரைப் பற்றி நமக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் அறையில் இருக்கும்போது கேட்கக் கூடாத கேள்வி

மலாயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோலாலம்பூரின் குறைந்த விலை அடுக்குமாடிகளில் வாழும் 291 முதியோரிடம், வீட்டில் உங்களை யாராவது துன்புறுத்துகிறார்களா என்று கேட்டார்கள். 2015-இல் வெளியான முடிவு: 9.6 விழுக்காட்டினர் ஆம் என்ற வகையில் பதில் சொல்லியிருந்தனர். அடி உதை குறைவு. மனதைப் புண்படுத்தும் பேச்சும், பணத்தைப் பறிப்பதும்தான் அதிகம்.

மனதைப் புண்படுத்துவது என்றால் என்ன? "சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று தினமும் கேட்பது. பணம் என்றால், உதவித்தொகை வரும் ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது என்பது.

மகன் பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருக்க, பேத்தி மொழிபெயர்க்க, எந்தப் பாட்டி இதற்கு உண்மை சொல்வார்? "எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிறாங்க ஐயா" என்பார். வந்தவருக்கு ஒரு கோப்பையில் தேநீரும் வரும். படிவத்தில் 'இல்லை' என்ற கட்டம் நிரம்பும். தனியாக வைத்துக் கேட்க வேண்டும் என்பது இந்த வகை ஆய்வின் அடிப்படை விதி. கேட்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அந்த விதி வாசலிலேயே உடைந்துவிடுகிறது. என் கருத்தைக் கேட்டால், தமிழ் பேசும் நேர்காணல் ஆட்களுக்குச் செலவிடும் பணம்தான் இந்த ஆய்வுகளில் நம் சமூகத்துக்கு மிக உபயோகமான செலவு. பல்கலைக்கழகத்தில் படிக்கும் நீங்கள் பகுதிநேர வேலை தேடுகிறீர்கள் என்றால், இந்த ஆய்வுகளுக்குக் கள ஆட்கள் எப்போதும் தேவை. உங்கள் சொந்தப் பாட்டி வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டுக்கும் நீங்கள் பொருத்தமானவர்தான்.

அப்படி ஆள் கிடைக்காமல் நீங்களே மொழிபெயர்க்க வேண்டி வந்தால், வந்தவரின் அடையாள அட்டையைப் பாருங்கள், எந்த நிறுவனம் என்று கேளுங்கள். மோசடிக்காரர்கள் திரியும் காலம், சந்தேகப்படுவதில் தவறில்லை. பல்கலைக்கழக ஆய்வு என்றால், பாட்டிக்கு விருப்பமில்லாவிட்டால் மறுக்கலாம். புள்ளிவிவரத் துறைக்குத் தரும் தனிப்பட்ட தகவலை 1965 புள்ளிவிவரச் சட்டம் காக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள், நம்மவர்களுக்குப் பயமே அங்கேதான். அப்புறம், சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்கள். "கால் கொஞ்சம் வலிக்குது, பரவாயில்ல" என்றால் அதை 'ஓகே' என்று சுருக்காதீர்கள். குடும்பத்தைப் பற்றிய கேள்வி வந்தால், "வேறு ஒருவரைத் தமிழில் கேட்கச் சொல்ல முடியுமா?" என்று நீங்களே கேட்டுவிட்டு எழுந்து போங்கள்.

அந்தப் பதில்கள் எங்கே போகின்றன?

பல வருடங்களுக்கு எங்கேயும் போகாமல் இருக்கும், உண்மைதான். ஆனால் சில நேரம் நேராகச் சம்பளப் பட்டியல் வரை வந்துவிடும்.

இபிஎஃப் முன்பு 55 வயதில் அடிப்படைச் சேமிப்பாக 240,000 ரிங்கிட் என்று சொல்லி வந்தது. கணக்கு எளிது. மாதம் 1,000 ரிங்கிட், 20 ஆண்டுகள். அந்த 1,000 எங்கிருந்து வந்தது? அரசு ஊழியரின் குறைந்தபட்ச ஓய்வூதியத்திலிருந்து. ஒருவர் உண்மையில் எவ்வளவு செலவு செய்கிறார் என்று பார்த்து வந்த எண் இல்லை அது.

2019-இல் இபிஎஃபும் மலாயா பல்கலைக்கழகத்தின் அதே சமூக நல ஆய்வு மையமும் பெலாஞ்சாவான்கு என்ற செலவு வழிகாட்டியைக் கொண்டுவந்தன. சாப்பாடு, வாடகை, போக்குவரத்து, மருந்து, அதோடு விசேஷங்களுக்குப் போய் வரும் செலவு வரை மக்களிடம் கேட்டுத் தொகுத்தது. மொய் வைக்காமல் கல்யாணத்துக்குப் போக முடியாது என்பதை ஓர் அதிகாரபூர்வக் கணக்கு ஒப்புக்கொண்டதே எனக்குப் பிடித்த விஷயம். அதன் 2024/2025 பதிப்பின்படி கிள்ளான் பள்ளத்தாக்கில் தனியாக வாழும் முதியவருக்கு மாதம் 2,690 ரிங்கிட் தேவை. இருபது ஆண்டுகளுக்குப் பெருக்கினால் ஏறக்குறைய 650,000. இபிஎஃப் இப்போது 'போதுமான சேமிப்பு' என்று சொல்வது இதைத்தான். அதில் 60 விழுக்காடு, அதாவது 390,000 ரிங்கிட், புதிய அடிப்படைச் சேமிப்பு. 60 வயதுக்கான இந்த இலக்கு 2026 முதல் படிப்படியாக நடப்புக்கு வருகிறது. யாரோ பலர் மீன் விலையையும் பஸ் கட்டணத்தையும் உண்மையாகச் சொன்னதால் நாட்டின் ஓய்வுக் கணக்கே மாறியிருக்கிறது.

அந்தக் கணக்கைத் தோட்டத்திலிருந்து வந்த தலைமுறைமேல் வைத்துப் பாருங்கள். தேசிய குறைந்தபட்சச் சம்பளம் வந்ததே 2013-இல். அதற்கு முன் ஓய்வு பெற்றவருக்கு அது கிடைத்ததே இல்லை. சேமநிதி சம்பளத்தின் ஒரு பங்கு என்பதால், குறைந்த சம்பளம் குறைந்த சேமநிதியாகவே முடியும். குத்தகைக்கு வேலை செய்தவருக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. வீட்டிலேயே இருந்து பிள்ளை வளர்த்த பாட்டிக்குக் கணக்கே இருந்திருக்காது. இவர்களில் ஆதரவும் வருமானமும் இல்லாதவர்களுக்குச் சமூக நலத் துறை தருவது மூத்த குடிமக்கள் உதவித்தொகை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 500-லிருந்து 600 ரிங்கிட்டாக உயர்ந்தது. 2,690 எங்கே, 600 எங்கே.

கொள்கைகளும் இல்லாமல் இல்லை. 1995-இல் முதல் தேசியக் கொள்கை வந்தது, அதன் பெயரில் 'வார்கா துவா' என்று இருந்தது. 2011-இல் புதுப்பித்தபோது 'வார்கா எமாஸ்' ஆனார்கள். பெயரில் தங்கம் ஏறியது. பாவே எனும் முதியோர் நடவடிக்கை மையங்களும் நாடு முழுக்க இருக்கின்றன. பெற்றோரைப் பராமரிக்கச் சொல்லும் சட்டம் சிங்கப்பூரில் 1995-இலும் இந்தியாவில் 2007-இலும் வந்தது. இங்கே அப்படி ஒரு சட்டம் தேவையா என்ற விவாதம் அடிக்கடி எழுகிறது. 1.1 பிள்ளை என்ற எண்ணை வைத்துப் பார்த்தால், பிள்ளைகளை மட்டும் நம்பி எழுதும் எந்தச் சட்டமும் நம் வீடுகளில் சீக்கிரமே ஆள் இல்லாமல் நிற்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம், இது அவசரம். உதவித்தொகைக்குக் குடியுரிமை வேண்டும். இங்கேயே வாழ்ந்து, இங்கேயே வேலை செய்து, இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் பாட்டி தாத்தாக்கள் நம்மிடையே உண்டு. 60 வயதைத் தாண்டிய 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று 2018-இல் அரசாங்கம் அறிவித்தது நினைவிருக்கலாம். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ அட்டையின் நிறத்தை ஒரு முறை பாருங்கள். சிவப்பு என்றால் தேசியப் பதிவுத் துறை. நீலம் என்றால், வருமானம் இல்லை என்றால், மாவட்டச் சமூக நல அலுவலகம். விண்ணப்பப் படிவம் மலாயில் இருக்கும், நிரப்பப் போவது நீங்கள்தான். ஒவ்வொரு கேள்வியையும் முதலில் அவருக்குத் தமிழில் படித்துக் காட்டி, பதில் வந்த பிறகு எழுதுங்கள்.